ஐந்து எண்ணும் நேரம்

"திகதி ஒண்டு சொல்லுங்கோ. எப்ப வாறியள்?"

கேட்டேவிட்டேன். இதை மட்டும் கேட்கவே கூடாது என்று, கலியாணம் முடிந்து திருச்சியிலிருந்து திரும்பிய அன்றே அம்மா சொல்லியிருந்தா. அகதியாகப் போனவரை ஊருக்கு வா என்றால் அவரின் பதிவு போய்விடுமாம். வேறெங்காவது வா என்றால் மனம் போய்விடுமாம். நாலு வருடம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

அலுமாரித் தட்டில் என் கண்ணுக்கு நேரே நிறுத்தியிருந்த போனுக்குள் என் கணவர் வாகீசன் முழித்தார். பாரிஸில் உணவகத்தைப் பூட்டி அப்போதுதான் அறைக்கு வந்திருந்தார். சண்டிலிப்பாயில் விடிந்துவிட்டது.

"என்ன திடீரெண்டு? முதல் எக்சசைசைச் செய்யும். நான் எண்ணுறன்."

அந்தப் போனைக் குனிந்து குனிந்து பார்த்துத்தான் என் கழுத்து இப்படியானது. பக்கவாட்டில் பார்த்தால் காது தோளைத் தாண்டி முன்னுக்கு நின்றது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பட்டத்துக்குப் பிறகு செய்த வேலை இதுதான். ஆசுப்பத்திரியில் பிசியோதெரபி நிரோஜா மிஸ் என்னைச் சுவரோடு நிறுத்தி, இரண்டு விரலால் முகவாய் நாடியைப் பின்னுக்குத் தள்ளி, மற்றக் கையைப் பிடரியில் வைத்தா. எனக்கு அழுகை முட்டியது. திருச்சி லொட்ஜில் பதினொரு நாளும் என் பிடரியில் கை வைத்தபடிதான் அவர் நித்திரை கொண்டார். அதற்குப் பிறகு அந்த இடத்தில் பட்ட முதல் கை அது.

நாடியை இழுத்து ஐந்து எண்ணும்வரை பிடி, விடு, பத்துத் தரம் செய் என்றா. அவர் எண்ணுகிறேன் என்றார். நானும் ஆசையாகச் சம்மதித்தேன். ஒரு மாதம் செய்தும் நோ கூடியதே தவிரக் குறையவில்லை. நேற்று மிஸ் கேட்டா:

"ஆர் எண்ணுறது?"

"அவர்தான். போனிலை."

மிஸ் சிரித்துவிட்டா. "பாரிஸிலை இருந்து அஞ்சு வந்து சேர எவ்வளவு நேரம் பிடிக்கும்? லைன் அறுந்து நிக்கேக்கையும் இழுத்துப் பிடிச்சுக்கொண்டே நிண்டனீர்? இனி நீரே எண்ணும்."

நின்றேன்தான். 'மூண்டு' என்றபடி படம் உறைந்து நிற்கும். அவர் வாய் திறக்கும்வரை நான் விடமாட்டேன்.

"ஒண்டு... ரெண்டு..." என்று இப்போதும் தொடங்கினார்.

"எண்ண வேண்டாம். திகதி."

"வதிவிடக் கார்ட் வரட்டும். ஆவணியிலை பாப்பம்."

"எந்த ஆவணி? மூண்டு ஆவணி போயிட்டுது. திருச்சிக்கு எண்டாலும் வாங்கோ. உங்களைத் தொட்டுப் பாக்கோணும் எனக்கு. சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்திலை இண்டைக்குக் கையெழுத்து வைக்காட்டி டீச்சர் நியமனமும் போயிடும்."

"அதுதான் வேண்டாமெண்டு சொன்னனே. விசா வந்தா என்ன செய்வீர்?"

"விட்டிட்டு வருவன். வந்தா."

அம்மா அகப்பையோடு ஓடி வந்தா. "பட்டம் வாங்கின வாயைப் பார்! தம்பி, நீங்கள் ஒண்டும் நினைக்காதேங்கோ. அவளுக்குக் கழுத்து நோ."

"கழுத்து நோவிலை கதைக்கேல்லை அம்மா."

 படம் உறைந்ததா, அவர்தான் பேசாமல் நின்றாரா தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. முன்னைய நாட்கள் போல 'சரி, விடுங்கோ' என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

நான் ஆறு மணிக்கே சேலை கட்டிவிட்டேன். போனில் முகம் மட்டும் தெரிவதால் அவர் கவனித்திருக்கமாட்டார். சான்றிதழ்கள் இருந்த கோவையைக் கையில் எடுத்தேன்.

"நான் போயிட்டு வாறன். உங்களுக்குத் திகதி கிடைச்சாச் சொல்லுங்கோ. லீவு போட்டிட்டு வருவன்."

"எடியே, லைன்லை நிக்கிறார்!" என்றா அம்மா.

படலையைத் திறந்து பஸ்ஸுக்கு நடந்தேன்.