ஐந்தாவது ஆள்

நான்கு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும், பின்னால் வந்த டிராயிங் டீச்சர் படியிலேயே நின்றுவிட்டார். பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கையில் பிடித்திருந்த வெள்ளைப் பூக்கள் அதற்குள் தலை தொங்கிவிட்டன. கதவருகே நின்ற மகளிடம், தான் பிறகு வருவதாக டீச்சர் சைகை காட்டினார். மகளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு நாற்காலியை மதில் நிழலில் இழுத்துப் போட்டு டீச்சரை உட்காரவைத்துவிட்டு உள்ளே போனாள்.

சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் தலையை எண்ணிக்கொண்டு வருவது உலகத்தில் இந்த ஒரு வீட்டில்தான் நடக்கும். அதற்குக் காரணம், கூடத்தின் நடுவில் குளிர்ப்பெட்டிக்குள் படுத்திருந்தவர்தான். நகரத்தின் பூங்கா, பொழுதுபோக்கு, பண்பாட்டு ஆணையத்தில் பத்தொன்பது வருடம் உறுப்பினர். எந்தப் பூங்காவை எத்தனை மணிக்குப் பூட்டுவது, நீச்சல் குளத்தில் பெண்களுக்கு எந்தக் கிழமை, திறந்தவெளி மேடையில் யார் பாடலாம், பாடினால் எதுவரைக்கும் பாடலாம் என்பதையெல்லாம் முடிவு செய்யும் ஒன்பது பேரில் ஒருவர். சம்பளம் கிடையாது. கூட்டத்துக்கு ஒரு டீ உண்டு, அதையும் குடிக்க மாட்டார்.

ஒன்பதில் ஐந்து பேர் ஓரிடத்தில் சேர்ந்து ஆணைய விஷயம் ஒரு வார்த்தை பேசினாலும் அது கூட்டம். கூட்டம் என்றால் மூன்று நாள் முன்னதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்க வேண்டும், பொதுமக்கள் வந்து உட்கார இடமும் இருக்க வேண்டும். விதிப் புத்தகத்தில் யாரும் சீந்தாமல் கிடந்த இந்த வரியைத் தூசி தட்டி எடுத்து எல்லோர் கழுத்திலும் கட்டியவர் அவர். ஒரு கல்யாண வீட்டில், ஒரே மேசையில் நான்கு உறுப்பினர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவர் தட்டோடு போய் கார்களுக்கு நடுவே நின்றபடி சாப்பிட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்குச் 'சட்டம்' என்று பெயர். கடைசியில் தூக்க நாலு பேர் வேண்டுமே என்று ஊரில் எல்லோருக்கும் கவலை. சட்டத்துக்கு மட்டும் நாலு பேருக்கு மேல் ஆகாது.

மகளுக்கு அடுத்த மாதம் நாற்பத்தைந்து முடிகிறது. அந்த ஆணையத்தின் கீழ் இருக்கும் சமுதாயக்கூடம் ஒன்றில் அவள் பொறுப்பாளர். காலையில் செஸ் வகுப்புக்குக் கதவைத் திறப்பதிலிருந்து, மாலையில் பாட்டு வகுப்பு முடிந்து மின்விசிறிகளை அணைப்பதுவரை அவள்தான். ஆனால் தற்காலிகம். பதினொரு மாதம் வேலை, ஒரு மாதம் சும்மா இரு, மறுபடி ஒரு புது உத்தரவு. இப்படிப் பதினான்கு வருடம். அவளிடம் பூட்டுத் திறக்கக் கற்றுக்கொண்டவர்கள்கூட நிரந்தரமாகிவிட்டார்கள். உறுப்பினரின் பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர் யாரையும் நிரந்தரப் பணிக்கு எடுக்கக் கூடாது என்று ஒரு விதி. வருடா வருடம் நிரந்தரமாக்கும் பட்டியலில் அவள் பெயர் வரும். வருடா வருடம் அப்பாவே அதன்மேல் சிவப்பு மையில் கோடு போட்டு, ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போடுவார். அன்று மாலை அவள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "இந்த வருஷத்தோட பதவியை விட்டுடறேம்மா" என்பார். விட்டதில்லை. நாற்பத்தைந்து முடிந்தவர்களுக்கு நிரந்தரம் கிடையாது என்பதும் அவருக்கு மனப்பாடமான விதிதான்.

நேற்று மாலை ஆஸ்பத்திரியில் டாக்டர் போர்வையை இழுத்து முகத்தை மூடியபோது, முதலில் அவளுக்குத் தோன்றியது, வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வரும் பட்டியலில் கோடு போட ஆளில்லை என்பதுதான். அப்பா என்று அழுகை வந்தது அதற்குப் பிறகு. பெற்ற மகளா நீ என்று தன்னையே எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். கேட்டும் அந்த வெள்ளிக்கிழமை மனதைவிட்டுப் போகவில்லை.

உள்ளே நான்கு பேரும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆணையத் தலைவர், மருந்துக்கடைக்காரர், கால்பந்து கோச், ஓய்வுபெற்ற நூலகர். வெளியே உட்கார்ந்திருந்த டீச்சரும் ஓர் உறுப்பினர்தான். தலைவருக்கு 'வாய்தா' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்பார். ஒரு பூங்காவின் உடைந்த சறுக்குமரத்தை அவர் ஒத்திவைத்து ஒத்திவைத்து, அதில் சறுக்கிய குழந்தைகளுக்கு மீசை முளைத்துவிட்டது.

குளிர்ப்பெட்டியின் தலைமாட்டில் தம்பி உட்கார்ந்திருந்தான். ஃபிரிட்ஜ் மெக்கானிக். காலையில் வந்திறங்கிய பெட்டி கடகடவென்று சத்தம் போட்டபோது, அவன்தான் பின்பக்க மூடியைக் கழற்றி, அரை மணி நேரம் குப்புறப் படுத்து, மோட்டாரைச் சரி செய்தான். அப்பா உயிரோடு இருந்தவரை அவன் செய்த எந்த வேலையும் அவருக்குச் சரிப்பட்டதில்லை. திருகாணி வேலை என்பார். இன்று பெட்டி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அடிக்கடி அதில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டான்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார், கண்ணைத் துடைத்தார். அது நடிப்பில்லை. பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"தம்பி, நாங்க நாலு பேரும் ஒரு மனசா இருக்கோம். அப்பா இடத்துக்கு நீங்கதான் வரணும். அவருக்கு நாங்க செய்யக்கூடிய மரியாதை இதான்."

தம்பி நிமிர்ந்து பார்த்தான். யாரோ பின்னால் நிற்பவரைக் கூப்பிட்டதுபோல ஒருமுறை திரும்பியும் பார்த்தான்.

"நானா சார்?"

வேறு யார் என்றார் மருந்துக்கடைக்காரர். சம்மதக் கடிதத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று தலைவர் விளக்கினார். இன்று செவ்வாய். சாயங்காலம் ஐந்து மணிக்குள் பலகையில் ஒட்டிவிட்டால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தின் முதல் தீர்மானம் இதுதான். தவறினால் அடுத்த கூட்டம் இரண்டு மாதம் கழித்து. ஆயுள் முழுக்க ஒத்திவைத்தே பழகிய மனிதர் இன்றைக்குப் பார்த்துக் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார்.

சுவரில் சாய்ந்து நின்ற மகள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். முதல் தீர்மானத்தில் தம்பி உறுப்பினராவான். நிரந்தரப் பட்டியல் மூன்றாவது தீர்மானம். அது வருவதற்குள் அவள் உறுப்பினரின் அக்காவாகிவிடுவாள். இரண்டு மாதம் கழித்து வயது போய்விடும். யாரும் அவளைக் கெடுக்க நினைக்கவில்லை. பதினான்கு வருடம் கோடு விழுந்த பெயரை யார்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? தம்பி அந்த இடத்துக்குப் போகக் கூடாது, எனக்கு வேலை வேண்டும் என்றா? அப்பா இன்னும் வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் மகள் வேலைக்கு அடிபோடுகிறாள் என்பார்கள். அவர்கள் அப்படிச் சொன்னாலும் தப்பில்லை. இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் தம்பியின் முகம். அப்படியொரு முகத்தை அவன் பத்தாம் வகுப்பில் பாஸ் ஆனபோது பார்த்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

தம்பி எழுத இடம் தேடினான். கடைசியில் குளிர்ப்பெட்டியின் கண்ணாடி மேலேயே காகிதத்தை வைத்து, அப்பாவின் முகத்துக்கு நேர் மேலே குனிந்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டான்.

மகள் ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மதில் நிழல் நகர்ந்துவிட்டிருந்தது. டீச்சர் முழு வெயிலில் உட்கார்ந்து, பூக்களைத் தன் நிழலில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்க டீச்சர்."

"நாலு பேர் இருக்காங்களேம்மா. யாராவது வெளிய வரட்டும்."

"அஞ்சாவதா நீங்க வாங்க."

டீச்சர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு முகம் வரையச் சொல்லிக்கொடுத்தவர்.  தண்ணீரைக் குடித்துவிட்டு, செருப்பைக் கழற்றினார்.

அவர் நிலைப்படியைத் தாண்டியபோது, காகிதத்தை வாங்கிக்கொள்ள நீண்டிருந்த தலைவரின் கை பாதியில் நின்றது. ஒரு நொடி அப்படியே இருந்தது. பிறகு முழங்காலைத் தடவுவதற்காகவே நீட்டியதுபோலத் திரும்பிப் போனது. தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. நீட்டிய காகிதத்தைப் பார்த்தான், தலைவரைப் பார்த்தான், நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

டீச்சர் பூக்களைப் பெட்டியின் மேல் வைத்தார்.

"ஏதோ பேசிட்டிருந்தீங்க போல."

"இல்ல டீச்சர். சும்மா அவரைப் பத்திதான்" என்றார் தலைவர்.

நூலகர் எழுந்து வெளியே போகப் பார்த்தார். ஆனால் டீச்சர் கால் வலிக்கிறது என்று சொல்லி, கதவை ஒட்டிய நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். தாண்டிப் போவது மரியாதை இல்லை. நூலகர் மறுபடி உட்கார்ந்தார். ஐந்து பேரும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். ஆணையத்தைப் பற்றியில்லாமல் பேச அவர்களுக்கு வேறு எதுவும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மகள் முதல்முறையாக அப்பாவின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். உங்கள் விதிதான் அப்பா என்று மனதுக்குள் சொன்னாள். அவளுக்கு மறுபடி அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கோச் எழுந்து, கூடத்து மூலையிலிருந்த பானையிலிருந்து அவளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

வண்டி வரும்வரை டீச்சர் அசையவில்லை. மயானத்தில் ஒன்பதில் மிச்சமிருந்த எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தள்ளித் தள்ளி நின்றார்கள். கிளம்பும்போது தலைவர் தம்பியின் காதருகே வந்து, நாலு மணிக்கு ஆபீஸ் பியூனை அனுப்புவதாக மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வீடு திரும்பியபோது மூன்றரை. குளிர்ப்பெட்டியை எடுத்துப் போயிருந்தார்கள். கூடத்தில் அது இருந்த இடம் மட்டும் ஈரமாக இருந்தது. மகள் பின்கட்டில் வாளியில் தண்ணீர் பிடித்து, எல்லோர் துணியையும் நனைக்க உட்கார்ந்தாள். தம்பி வந்து குழாயடியில் நின்றான்.

"டீச்சரை எதுக்குக்கா உள்ள கூப்பிட்ட?"

அவள் சோப்புத்தூளைப் போட்டுக் கலக்கினாள். பொய் சொல்லலாம். வெயில் என்று சொன்னால் நம்பிவிடுவான்.

"வெள்ளிக்கிழமை பட்டியல்ல என் பேரு இருக்குடா."

"அதான் வருஷா வருஷம் இருக்கே."

"கோடு போட இந்த வருஷம் ஆளில்ல. நீ அங்க போய் உக்காந்தா நீயே போடணும்."

 குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் அதன் தலையைத் திருகி இறுக்கிவிட்டான்.

"என்னை யாரும் எதுக்கும் கூப்பிட்டதில்லக்கா" என்றான்.

"தெரியும்டா."

"அப்பா இருந்திருந்தா ஒத்துக்கிட்டிருப்பாரா?"

அப்பா சிவப்பு மையைத் தேடியிருப்பார். அது அவளுக்கும் தெரியும், கேட்கிற அவனுக்கும் தெரியும்.

"காலைல அந்த மோட்டாரை நீ சரி பண்ணதைப் பாத்திருந்தா ஒத்துக்கிட்டிருப்பார்."

அவன் சிரிப்பதுபோல ஏதோ செய்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு குளியலறைக்குள் போனான். தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அவள் அப்பாவின் போர்வையை அலசிப் பிழிந்து கொடியில் போட்டாள். கடிகாரத்தை ஒருமுறை பார்த்தாள். தான் கேட்டது நியாயமா, அவன் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று யோசிக்க அவளிடம் தெம்பில்லை. வேண்டும் என்று மட்டும் இருந்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. பியூன் ஹாரன் அடித்தான்.

குளியலறைக் கதவு கொஞ்சம் திறந்தது. தம்பி ஈரக் கையால் சட்டையைச் சுருட்டி வெளியே நீட்டினான்.

"இதையும் நனைச்சுடுக்கா. பாக்கெட்ல ஒண்ணும் இல்ல."

அவள் எழுந்து போய் வாங்கினாள். எத்தனை அவசரமானாலும் சட்டைப் பையில் கைவிட்டுப் பார்க்காமல் ஒரு துணியை அவள் நனைத்ததில்லை. பஸ் டிக்கெட், ஸ்குரூ, பில், எல்லாம் எடுத்து ஜன்னலில் வைப்பாள். சட்டையைப் பிடித்த கைக்குள் காகிதம் மொரமொரத்தது. அவள் கதவைப் பார்த்தாள். அது சாத்தியிருந்தது. உள்ளே மறுபடியும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

வாசலில் பியூன், சார் என்று கூப்பிட்டான்.

அவள் சட்டையை வாளியில் போட்டாள். உள்ளே காற்றை அடைத்துக்கொண்டு அது உப்பி மேலே மிதந்தது. இரண்டு கையாலும் அழுத்தினாள். விட்டதும் மறுபடி மேலே வந்தது. முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள் விட்டு, இன்னொரு முறை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.