வச்சிரபாகு எப்போது அடித்தான்?

யுத்த காலம். அரிசிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு ரேஷன், காகிதத்துக்குத் தட்டுப்பாடு. பட்டணத்து வாரப் பத்திரிகை இளைத்து இளைத்து, திருத்தணி பஜாரில் ஒருவன் தும்மினால் மலை உச்சியில் போய் விழும் அளவுக்கு ஆகிவிட்டது. அந்த எலும்புக்கூட்டிலும் மூன்று பக்கத்தை வச்சிரபாகு தின்றுகொண்டிருந்தான்.

வச்சிரபாகு அதில் வந்த தொடர்கதையின் நாயகன். எழுதியவர் மணவாளன். ஒவ்வொரு வாரமும் கதைக்கு முன்னால் அவர் ஒரு பத்தி போடுவார்: “யானையைத் தும்பிக்கை பிடித்துச் சுழற்றி எறியும் வச்சிரபாகு! ஒரே அடியில் இருபது பேரைச் சாய்க்கும் வச்சிரபாகு!” சரி, இந்த வாரமாவது சாய்ப்பான் என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்கும். அவன் என்ன செய்வான்? மயங்கி விழுவான். தூணில் கட்டுண்டு கிடப்பான். பாழுங்கிணற்றில் தள்ளப்படுவான். ஒரு வாரம் பகைவர்கள் அவனை அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். அந்த மகாவீரன் கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, “விதி!” என்று உட்கார்ந்துவிட்டான். அது இழுத்துத் திறக்கிற கதவு!

ஒவ்வொரு தடவையும் அவனை மீட்டவள் அவன் வீட்டுச் சமையல்காரி சின்னம்மாள். அவள் பலசாலி என்று மணவாளன் அரை வரி எழுதியதில்லை. ஆனால் கயிறு போட்டு அந்தத் தடியனைக் கிணற்றிலிருந்து இழுத்தவள் யார்? ஒற்றைக் கையால் இழுத்தாள். மற்றொரு கையில் ரசச் சட்டி இருந்தது, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. சட்டி கதையில் இல்லை, நான் சேர்த்தது. ஆனால் இருந்திருந்தாலும் சிந்தியிருக்காது.

நான் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். ஜெபரத்தினம் என்று பெயர். அரக்கோணத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் என் மீசையைப் பார்த்துத்தான் கைகாட்டி மரம் இறங்கியது என்று சொல்வார்கள். பெரும்பாலும் நான்தான் சொல்வேன். மலையடிவாரத்தில் தேங்காய், கற்பூரக் கடை வைத்திருந்த துளசிங்கத்துக்கும் மீசை உண்டு. என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தால் அது புருவம். அவன் கடைப் பெஞ்சியில்தான் பத்திரிகை வாசிப்பு நடக்கும். என்னை அவன் மச்சான் முறை வைத்துப் ‘பாவா’ என்று கூப்பிடுவான்.

கிணற்று அத்தியாயம் வந்த அன்று எனக்குப் பொறுக்கவில்லை.

“துளசிங்கம், உன் ஆளைவிட அந்தச் சமையல்காரிக்குத்தான்யா பலம் அதிகம்.”

அவன் தேங்காயைத் தூக்கியவன் உடைக்காமல் நிறுத்தினான். “இன்னா பாவா பேசறே? இருபது பேர சாய்ப்பான்னு போட்டுகினு கீது பாரு!”

“எப்போ சாய்ச்சான்? அத காட்டு.”

“எழுதினவரே சொல்லிட்டாரே. அப்புறம் இன்னா காட்டறது?”

“டிரைவர் சிக்னல தாண்டிட்டார்னு வை. ‘நிறுத்தத்தான் நெனச்சேன்’னுவார். அவர் நெனச்சதுக்கு நான் கையெழுத்து போட முடியுமா? வண்டி நின்னுதா, இல்லையா? அதான்யா கேள்வி.”

“உனக்குப் பொறாமை.”

எனக்கு! ஒரு காகித மனிதன் மேல்! கோபத்தில் என் மீசை முனைகள் காதைத் தொட்டன. எங்கள் ஊரில் யாரும் பணம் வைத்துப் பந்தயம் கட்டுவதில்லை. ஊர் முழுக்க மொட்டைத் தலைகள் நடமாடும்போது வேறு எதை வைப்பார்கள்? முடிதான். தோற்றவன் மொட்டை என்றான் துளசிங்கம். நான் மொட்டைத் தலையோடு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போய் உட்கார்ந்தால் பாஸ்டர் ஐயா பிரசங்கத்தையே மாற்றிவிடுவார். ஆகவே மீசை என்று தீர்ந்தது. தீர்ப்புச் சொல்லவும் ஆள் இருந்தது. மணவாளன் தம் குழந்தைக்கு முடியிறக்க ஆடிக் கிருத்திகைக்கு வரப்போவதாகப் பத்திரிகையிலேயே போட்டிருந்தார்கள்.

“எழுதினவரையே கேப்போம்” என்றான் துளசிங்கம்.

நான் உடனே ஒப்புக்கொண்டேன். எழுதிய மனிதருக்கு எழுதியது என்ன என்று தெரிந்திருக்கும் என்று நம்பினேன்!

வீட்டில் என் மனைவி மார்கரெட் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “அந்த மீசை இல்லாத மூஞ்சிய நான் பார்த்ததே இல்லைங்க. உள்ள இன்னா கீதோ!”

ஆடிக் கிருத்திகை வந்தது. கும்பலில் ஒருவன் மயங்கினால் விழ இடமில்லாமல் நின்றபடியே மூன்று தெரு போவான், அவ்வளவு ஜனம். சரவணப் பொய்கைக் கரையில் நாவிதர்கள் வரிசையாக உட்கார்ந்து முடியிறக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேடியப்பனிடம்தான் மணவாளன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒல்லி மனிதர். கண்ணாடி. குழந்தை அவர் மூக்கைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது.

மொட்டை முடிந்து சந்தனம் பூசியவுடன் துளசிங்கம் கைகட்டி நின்று வழக்கைச் சொன்னான். நானும் சொன்னேன். பக்கத்துத் தலைகளெல்லாம் பாதி மொட்டையோடு திரும்பிப் பார்த்தன.

மணவாளன் சிரித்தார். “இதில் என்ன சந்தேகம்? வச்சிரபாகுதான் பலசாலி. அப்படி நினைத்துத்தானே எழுதுகிறேன்!”

“ஆங்! கேட்டியா பாவா?” என்று துளசிங்கம் துள்ளினான்.

“நெனச்சது உங்க மண்டையில கீதுங்க” என்றேன். “எங்க கைக்கு வந்தது நீங்க எழுதினது மட்டும்தான். அதுல அவன் யாரை அடிச்சான்?”

“அவனைப் படைத்தவன் நான் ஐயா.”

“படைச்சீங்க. கதவ திறக்கக் கத்துக்குடுத்தீங்களா?”

அவர் முகம் சிவந்தது. “நான் தீர்ப்புச் சொல்லியாயிற்று. வாசகர் எதிர்வழக்காட வேண்டியதில்லை.”

வாசகர் வழக்காட வேண்டியதில்லையாம்! ரேஷன் காலத்தில் பத்திரிகை வாங்கி, மூலை முடுக்கெல்லாம் படித்து, இவர் மறந்ததை நினைவு வைத்துக்கொண்டிருப்பவன் வாயை மூட வேண்டுமாம்! நான் கர்ஜித்ததில் பொய்கைத் தண்ணீர் நாலு படி உள்வாங்கியது. ஆனால் பந்தயம் பந்தயம். வேடியப்பன் கத்தியைத் தீட்டினான்.

“கார்டு ஐயா, உக்காருங்க.”

உட்கார்ந்தேன். மேலுதட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டது. உயிர் போவது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது, என்னோடு வந்திருந்த மார்கரெட் மணவாளன் முன்னால் போய் நின்றாள். “சாமி, ஒரு பேச்சு. நான் குழம்பு வைக்கிறேன், உப்பு போட மறந்துட்டேன். போட்டதாத்தான் நெனச்சேன்னு சொன்னா உங்களுக்கு உப்புக் கரிக்குமா?”

பாதி மொட்டைகள் கொல்லென்று சிரித்தன. மணவாளனுக்கு ரோஷம் வந்துவிட்டது. குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு எழுந்தார்.

“உப்புத்தானே வேண்டும்? அடுத்த வாரமே போடுகிறேன். வச்சிரபாகு ஒரே அடியில் இருபது பேரைச் சாய்ப்பான். பார்த்துக்கொள்ளுங்கள்!”

நான் வாய் திறக்குமுன் துளசிங்கம் திறந்தான்.

“இன்னா சொன்னீங்க? அடுத்த வாரமா?”

“ஆமாம், அடுத்த வாரம்.”

“அப்போ இது வரைக்கும் சாய்க்கலியா?”

“அது... இதுவரை சந்தர்ப்பம் அமையவில்லை.”

“கிணத்துல தள்ளும்போது சந்தர்ப்பம் இல்லியா? தூண்ல கட்டும்போது?” துளசிங்கத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. “இந்த கார்டு கேட்டார்னு அடிக்க வைக்கறீங்க. நாளைக்கி வேற எவனாச்சும் கேட்டா ஓட வைப்பீங்களா?”

“கதைக்குத் தேவையென்றால் ஓடுவான்.”

“என் வச்சிரபாகு ஓடுவானா?”

“உங்களுடையவன் இல்லை ஐயா, என்னுடையவன். எப்படி வேண்டுமானாலும் மாற்றுவேன். முதல் அத்தியாயத்தில் அவனுக்கு என்ன கண் என்று எழுதினேனோ, எனக்கே நினைவில்லை—”

“செங்கண்ணு!” என்று துளசிங்கம் அலறினான். “செங்கண்ணுய்யா! கரையில நிக்கிற எந்தப் பயலக் கேட்டாலும் சொல்லுவான்!” பக்கத்துப் பாதி மொட்டையிடம் திரும்பினான். “நைனா, உனக்குத் தெரியலியா?”

கரையிலிருந்து ஐந்தாறு பேர் “செங்கண்ணு, செங்கண்ணு” என்றார்கள். மணவாளன் குழந்தையை அணைத்துக்கொண்டு கூட்டத்தில் புகுந்து போய்விட்டார்.

வேடியப்பன் கத்தியோடு காத்திருந்தான். “யாராச்சும் ஒருத்தர் ஒழுங்கா உக்காருங்கப்பா. எனக்கு இன்னும் எத்தினி தலை கீது!”

துளசிங்கம் என் தோளைப் பிடித்துத் தூக்கினான். “எந்திரி பாவா.”

“தீர்ப்பு உன் பக்கம்யா.”

“அந்த ஆளு பக்கத்துல நின்னுகினு ஜெயிக்கறதா? தூ! சாய்க்கலன்னு அவரே சொல்லிட்டார். நீ கேட்டது அதான? நான் தோத்தேன். வேடியப்பா, எடு.”

வேண்டாம் என்று நான் தடுத்தேன். நன்றாகத் தடுத்தேன்; ஆனால் ரொம்ப நேரம் தடுக்கவில்லை. இரண்டு இழுப்பில் மீசை போய்விட்டது. மறுநாள் முழுதும் வாடிக்கைக்காரர்கள் அவனிடமே வந்து, “கடைக்காரர் எங்கப்பா?” என்று கேட்டார்கள். அவனும் சலிக்காமல், “சோறு துன்னப் போயிருக்கார்” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுத்த இதழ் வந்தது. வச்சிரபாகு ஒரே அடியில் இருபது பேரைச் சாய்த்திருந்தான். எண்ணி, பெயர் சொல்லி, இருபது பேர். படித்துவிட்டுத் துளசிங்கம் அதைக் கிழித்துக் கற்பூரம் மடித்தான்.

“இது அவன் இல்ல பாவா. எவனோ ரோஷப்பட்டான்னு இருபது பேர அடிக்கற ஆளா அவன்? பலசாலிதான் அவன். எழுதறவருக்குத்தான் அவன சரியாத் தெரியல.”

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. மீசையே போன பிறகும் இப்படிப் பேசுவானா ஒருவன்!

“அவ்ளோ பலசாலி கிணத்துலேருந்து தானா ஏறி வர வேண்டியதுதான?”

“சின்னம்மாள் கயிறு போட்டுட்டாளே” என்றான் துளசிங்கம். “ஒரு பொம்பள மெனக்கெட்டுப் போட்ட கயித்த வேணாம்னு சொல்றதா பாவா மரியாதை?”