பின்வரிசைத் தட்டு

1
இந்தக் கதை என்னுடையதில்லை. நேற்று அக்கா சமையலறையில் என்னிடம் அழுதாள். அவள் மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் நான் மனத்தில் முதல் வரியை எழுதிவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

2
முதல் தொடக்கம்: நுண்ணுயிர்களின் உலகில் மரணம் என்பது ஒரு (வேண்டாம். பெரிய மனிதத் தோரணை.)

இரண்டாவது: அக்கா குழந்தைகளுக்கான பால் பவுடர் ஆலையில் பரிசோதகர்.* மாதிரியைக் கரைத்துத் தட்டில் ஊற்றி, இளஞ்சூட்டுப் பெட்டியில் வைப்பாள். கெடு முடியும்வரை கிருமி ஒன்றும் முளைக்காவிட்டால் கையெழுத்திடுவாள். சரக்கு கடைக்குப் போகும். இந்த முறை பெட்டியில் இடமில்லை. கெடுவுக்கு முன்பே தட்டுகளை எடுத்துக் கொட்டிவிட்டு, 'வளர்ச்சி இல்லை' என்று கையெழுத்திட்டாள். சரக்கும் கடைக்குப் போய்விட்டது. பின்வரிசையில் ஒரு தட்டு மட்டும் கைக்கு அகப்படாமல் தங்கிவிட்டது. நேற்று பார்த்தால், அதில் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கிறது.

(* அவள் இப்படிச் சொல்லமாட்டாள். "லேப்ல இருக்கேன்" என்பாள்.)

3
"செத்துப்போச்சுன்னு நெனச்சேன்டா. தூங்கிட்டு இருந்திருக்கு."

"கிருமி தூங்குமா?"

"தீனி தீந்துட்டா, தன் மரபணுவ நகல் எடுத்து, அதச் சுத்திக் கெட்டியா ஓடு போட்டுக்கும். வெளி உடம்பு கரைஞ்சிடும். உள்ள இருக்கறது மூச்சு பேச்சில்லாம கெடக்கும், கொதிக்க வச்சாலும் சாகாது. ஈரமும் தீனியும் கெடச்சா எழுந்துக்கும். சிலது உடனே. சிலது சோம்பேறி, உன்ன மாதிரி."

சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "மேனேஜர்கிட்ட சொல்லிடவாடா? வேலை போயிடும். சொல்லலன்னா எந்த வீட்டுப் பாப்பா..."

(இந்த வாக்கியத்தை அவளே முடிக்கவில்லை.)

4
கதை எழுதுகிறவனாக இல்லாமல் தம்பியாக மட்டும் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நான் கேட்டது: "புள்ளி என்ன நிறம்?"

அக்கா என்னையே பார்த்தாள். "வெள்ளை" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். கூனிக் குறுகிப்போனேன். நிறத்தை மட்டும் மறக்கவில்லை.

5
முடிவு அ: சொல்கிறாள். சரக்கு திரும்புகிறது, வேலை போகிறது.

முடிவு ஆ: சொல்லவில்லை. எங்கே குழந்தை அழுதாலும்

முடிவு இ: தம்பி அந்தத் தட்டைக் கழுவி வைத்துவிடுகிறான். (கோடு போட்டு அடித்துவிட்டேன். இதை எழுதும்போதுதான் நிம்மதியாக இருந்தது. நினைத்தால் கூசுகிறது.)

6
இதுவரை எழுதியதை அக்கா என் பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"இதுல நான் சொல்றேனா, இல்லையா?"

"இன்னும் முடிவு பண்ணலக்கா."

"நீ மெதுவா பண்ணு. பாப்பாங்களுக்கு இன்னைக்கும் பசிக்கும்."

பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். மேனேஜர் அறையில் என்ன நடக்கும் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் நான் ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். செருப்பை எங்கே விட்டேன் என்றுதான் தெரியவில்லை.