வழியனுப்பும் படம்

"இனிமே அவன் ஆத்தான்னு கூப்பிடுறதுக்கு ஒரே ஆளுதான் இருக்கணும், முத்தா. ரெண்டு பேரு இருந்தா புள்ளை ரெண்டு வீட்டுலயும் ஒட்டாது."

"சரிங்க ஆச்சி."

"ஒன்னையச் சின்னாத்தான்னு கூப்பிடச் சொல்லிக் குடுத்துருவேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காத."

"இல்லைங்க ஆச்சி."

பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், கோவிலில் பங்காளிகள் கூடிப் பிள்ளை கூட்டி, தத்துக் கொடுத்து முடித்த அன்று, பிரகதீஸ்வரி ஆச்சியும் முத்தாளும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். பேசும்போது ஆச்சி, மாலை போட்டிருந்த சந்திரசேகரின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஏழு வயது. ஐஸ்கிரீம் குச்சியை நக்கிக்கொண்டு நின்றான்.

ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டிலிருந்து ஒரு பையனைக் கொடுப்பது அவர்களுக்குள் வழக்கம். கொடுக்காவிட்டால் கோவில் குடும்பக் கணக்கில் அந்த வீட்டின் புள்ளி அற்றுப்போகும். தலைப்பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள். முத்தாளுக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் தேனப்பனை விட்டால் சந்திரசேகர்தான். கோவிலில் பெரியவர்கள் கேட்டதும் அவள் கணவர் தலையாட்டிவிட்டு வந்தார். வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகுதான் அவளிடம் சொன்னார்.

அன்றிலிருந்து அவள் மனதில் ஒரே ஒரு ஆசை இருந்தது. யாரும் இல்லாத நேரத்தில் ஒரு தடவை ஆத்தா என்று கூப்பிடச் சொல்லி அவனிடம் கேட்க வேண்டும். அவ்வளவுதான். சென்னையில் ஆச்சி வீட்டில் வளர்ந்த அவன் கோவில் திருவிழாவுக்கு வந்தபோதும், கல்யாணங்களுக்கு வந்தபோதும், இரண்டு வருடங்களுக்கு முன் அவள் கணவர் இறந்தபோது பங்காளிகளோடு பங்காளியாக அவன் நின்றுவிட்டுப் போனபோதும் கேட்க நினைத்தாள். ஒவ்வொரு தடவையும் வாசல்வரை போய், "நல்லபடியாப் போய்ட்டு வாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

இன்னும் மூன்று வாரத்தில் அவனுக்குக் கல்யாணம். பெண் அர்ச்சனா, அவளும் சென்னையில்தான் வேலை பார்க்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாகப் படம் எடுப்பதற்குத் திருமயம் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த ரயில் மியூசியத்தைப் பிடித்திருந்தார்கள். முதல் நாள் பிரகதீஸ்வரி ஆச்சி போன் செய்தாள். அங்கே சாப்பாடு ஒன்றும் கிடைக்காதாம், நீ பக்கத்தில்தானே இருக்கிறாய், கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிடு என்றாள். முத்தாள் விடியும் முன்பே எழுந்து புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்தாள். சின்ன வயதில் அவன் விரும்பிச் சாப்பிட்ட, கருப்பட்டி போட்ட உளுந்துக் கும்மாயத்தையும் கிண்டினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவன் அமெரிக்கா போகப்போகிறான் என்பது அவளுக்குத் தெரியும். இன்று விட்டால் இல்லை என்று நினைத்துக்கொண்டே டப்பாவை மூடினாள்.

மில் வைத்திருந்த ஒருவர் ஆசைக்கு வாங்கிப் போட்ட இடம் அது. செம்மண் தரையில் இரண்டு வரிசைத் தண்டவாளம். ஒன்றில் கரிவண்டி என்ஜின், புதிதாகக் கறுப்பு அடித்துச் சக்கரத்தில் சிவப்புக் கோடு இழுத்து நின்றது. இன்னொன்றில் மீட்டர்கேஜ் பெட்டிகள் மூன்றும் கார்டு பெட்டி ஒன்றும். நடுவில் பிளாட்பாரம் மாதிரி ஒரு மேடை, மஞ்சள் பலகை, மணி, அட்டை டிக்கெட் கொடுக்கிற சன்னல். ஆவூர்க்காரர் ஞானமணி, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், அதைப் பார்த்துக்கொண்டார். வருகிறவர்களுக்கு அவரே எல்லாவற்றையும் சுற்றிக்காட்டினார்.

போட்டோகிராபர் பிரவீன்குமார் புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்தான். அவனுக்கு உதவிக்கு வர வேண்டியவன் வரவில்லை. வெளிச்சத்தைத் திருப்பிவிடுகிற வட்டமான வெள்ளித் தகடு ஒன்றை யாராவது பிடிக்க வேண்டும் என்றான். ஆச்சி முத்தாளைக் காட்டினாள்.

ஞானமணி என்ஜினைக் காட்டி, கரி அள்ளிப் போடுகிற இடத்தைக் காட்டி, பெட்டிகளிடம் வந்தார். அர்ச்சனா ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டாள். சந்திரசேகர் அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன், பெட்டியின் கடைசிச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"வண்டி ஓடும்போது இந்தப் பெட்டியில இருந்து அடுத்த பெட்டிக்குப் போக முடியுமா சார்?"

முடியாது, இந்தப் பெட்டிகளுக்கு உள்ளே வழி கிடையாது, ஸ்டேஷன் வந்தால் இறங்கித்தான் ஏற வேண்டும் என்றார் ஞானமணி.

"லேடீஸ் பெட்டி எங்கிட்டு இருக்கும்?"

இந்த லைனில் அவர் போன வண்டிகளில் எல்லாம் கடைசியில் இருந்ததாம், கார்டு பெட்டிக்கு முன்னால். சந்திரசேகர் தலையாட்டினான். பிறகு அன்றைக்கு முதல் தடவையாக முத்தாளைப் பார்த்தான். அவள் மஞ்சள் பலகையைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

பிரவீன்குமார் காமிராவைச் சரிசெய்துகொண்டே, இவங்க மாப்பிள்ளைக்கு அம்மாவா, மூக்கு அப்படியே இருக்கே என்றான். ஆச்சி பட்டுப்புடவையில் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். அர்ச்சனா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பங்காளி வீடு," என்றான் சந்திரசேகர். "சாப்பாடு கொண்டாந்திருக்காங்க."

பிரவீன்குமார் மன்னிப்புக் கேட்டான். ஆச்சி பெரிதாகச் சிரித்தாள். எங்கள் பங்காளிகள் எல்லோருக்கும் அதே மூக்குத்தான் தம்பி, ஒரு ஊரையே நிறுத்தினாலும் கண்டுபிடிக்க முடியாது என்றாள். முத்தாளும் சிரித்தாள்.

பன்னிரண்டு மணிவரை ஜோடியை என்ஜின்மேலும் சன்னல் ஓரத்திலும் வைத்து எடுத்தார்கள். முத்தாள் தகட்டைத் தூக்கிப் பிடித்து வெயிலிலேயே நின்றாள். தோள் விட்டுப்போனது. இரண்டு தடவை அர்ச்சனா வந்து, கொஞ்சம் உக்காருங்க சின்னாத்தா என்றாள். அந்தப் பெண்ணை முத்தாளுக்குப் பிடித்துப்போனது. இவள் நல்லபடியாகப் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தபோது கை வலிகூட மறந்தது.

பிறகு பிரவீன்குமாருக்கு ஒரு யோசனை வந்தது. பழைய காலத்தில் ரயில் ஏற்றிவிடுகிற மாதிரி ஒரு படம். ஜோடி பெட்டி வாசலில் நிற்க வேண்டும். அம்மா கீழே நின்று கையாட்ட வேண்டும். கண் கலங்கினால் படம் எங்கேயோ போய்விடும் மேடம் என்றான்.

ஆச்சி மேடையில் நின்றாள். முத்தாள் தகட்டைத் திருப்பி அவள் முகத்தில் வெளிச்சத்தை விட்டாள். ஆச்சி கையை ஆட்டினாள், கண்ணைச் சிமிட்டினாள், தும்மல் வருவதுபோல் முகத்தைச் சுளித்தாள். அழுகை வரவில்லை. நாலு தடவை எடுத்தும் சரியாக வரவில்லை. தகடு ஆடுகிறது, வெளிச்சம் மேடம் முகத்திலேயே இருக்கட்டும் என்று பிரவீன்குமார் முத்தாளைக் கடிந்துகொண்டான்.

"எனக்கு நடிப்பு வராது தம்பி," என்ற ஆச்சி, சட்டென்று நினைவு வந்தவளாக முத்தாள் பக்கம் திரும்பினாள். "ஏ முத்தா, இவனை நாங்க ரயில்ல கூட்டிட்டுப் போன அன்னைக்குத் திருமயம் ஸ்டேஷன்ல நீ எப்படி நின்ன? நடிச்சுக் காட்டேன். நீ எங்க அழுத? நான் சன்னல்ல இருந்து பார்த்தேனே, சிரிச்சுக்கிட்டே கையாட்டிட்டுப் போன."

ஆச்சி அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவளுக்கு அது வீட்டில் பல தடவை சொல்லிச் சிரித்த கதை. பெற்றவளே சிரித்துக்கொண்டு போனாள், நான்தான் திருச்சிவரை அழுதேன் என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

எல்லோரும் முத்தாளைப் பார்த்தார்கள். சந்திரசேகரும் பெட்டி வாசலில் நின்று பார்த்தான். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தகட்டைக் கீழே வைத்தாள். வாசலுக்கு நேராக நின்று, கையைத் தோளுக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டே சிரித்தாள். சிரித்தபடி நாலடி பின்பக்கமாக நடந்தாள்.

"சூப்பர்ம்மா," என்றான் பிரவீன்குமார். "மேடம், அதே மாதிரி செய்ங்க. அழ வேண்டாம், அந்தச் சிரிப்புத்தான் வேணும்."

ஆச்சி அந்தச் சிரிப்பைச் சிரித்துக் காட்டினாள். ஒரே தடவையில் படம் சரியாக வந்துவிட்டது. அர்ச்சனா மட்டும் காமிராவைப் பார்க்காமல் முத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்திரசேகர் படம் எடுத்து முடிந்ததும் கீழே இறங்காமல் பெட்டிக்கு உள்ளே போய்விட்டான்.

வேப்பமர நிழலில் ஜமுக்காளம் விரித்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். முத்தாள் இலை போட்டுப் பரிமாறினாள். சந்திரசேகர் வரவில்லை. கும்மாயத்தை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவள் பெட்டிப் படியில் ஏறினாள்.

அவன் மரப்பலகைச் சீட்டில், சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிர்ச் சீட்டைக் காட்டினான். அவள் உட்கார்ந்து கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தாள். யாரும் இல்லை. பத்தொன்பது வருடமாக அவள் காத்திருந்த நேரம் இதுதான். அவள் வாயைத் திறக்கும் முன் அவன் பேச ஆரம்பித்தான்.

"அன்னைக்கு என்னைய வண்டி ஏத்தும்போது, நான் பின்னாடி லேடீஸ் பொட்டியில ஏறிக்கிறேன், வண்டி கெளம்புனதும் உள்ளுக்குள்ளயே நடந்து வந்துருவேன்னு சொன்னீங்க."

"ஆமாப்பா."

"நமணசமுத்திரம் வந்துச்சு. வருவீங்கன்னு அந்தச் சுவரையே பார்த்துக்கிட்டிருந்தேன். அங்கிட்டு ஒரு கதவு இருக்கும்னு நெனச்சேன். புதுக்கோட்டையில எறங்கி ஓடுனேன். லேடீஸ் பொட்டியில ஒவ்வொரு மூஞ்சியா பார்த்தேன். ஒரு கெழவி முறுக்கு குடுத்துச்சு. அப்பச்சி வந்து தூக்கிட்டுப் போனாங்க. வெள்ளனூர்லயும் கேட்டேன். கீரனூர்லயும் கேட்டேன். திருச்சியில கார்ல ஏத்துனாங்க. அப்பவும் ரயிலுக்குள்ள நீங்க இருக்கீங்க, எறக்காமப் போறாங்கன்னு கத்துனேன்."

அப்பச்சி என்று அவன் சொன்னது ஆச்சியின் கணவர் உடையப்பனை. முத்தாள் அன்று ஸ்டேஷன் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் மறைந்து நின்று, வண்டி கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அதற்குப் பின் வண்டிக்குள் நடந்ததை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

"ஒரு வெசயம் மட்டும் சொல்லுங்க," என்றான் அவன். குரலில் கோபம் இல்லை. வேலை இடத்தில் பேசுகிற மாதிரி நிதானமாக இருந்தது. "அப்படிச் சொல்லச் சொன்னது யாரு? ஆத்தாவா?"

முத்தாளுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருடமாக அவன் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். ஆச்சி சொல்லிக்கொடுத்துத் தன்னைப் பெற்றவள் பொய் சொன்னாள் என்று. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் அவள் பக்கம் வந்துவிடுவான். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவள் கேட்கவே தேவையில்லை, அவனாகவே கூப்பிட்டாலும் கூப்பிடுவான். சன்னல் வழியே ஆச்சி தெரிந்தாள். அர்ச்சனாவின் இலையில் அப்பளத்தை உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆச்சிக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள் முத்தாள். "நானாத்தான் சொன்னேன். நீ அழுதா என்னால விட முடியாது. நீ அழாமப் போகணும்னு சொன்னேன்."

அவன் சன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தான். பிறகு மெல்லச் சிரித்தான். அவளுடைய சிரிப்புத்தான் அது.

"நான் அழாமப் போகணும்னா? இல்லை நீங்க பார்க்கக் கூடாதுன்னா?"

அவள் கிண்ணத்தின் விளிம்பை விரலால் துடைத்தாள்.

"பாவம் அவங்க," என்றான் சன்னல் பக்கம் பார்த்து. "பத்தொம்பது வருசமா பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் ஆத்தான்னு கூப்பிட்டுக்கிட்டிருக்கேன். காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட அவங்க கையைத் தட்டிவிட்டிருக்கேன். அவங்கதான் பிரிச்சாங்கன்னு. இன்னைக்குக் கீழ எறங்கிப் போய் மனசாரக் கூப்பிடப் போறேன். அதுக்கு ஒங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

முத்தாள் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் அதைப் பார்த்தான், தொடவில்லை.

"ஒங்களுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும் சின்னாத்தா. ஒவ்வொரு தடவையும் வாசல் வரைக்கும் வந்து நிப்பீங்க. ஒதடு அசையும். சின்ன வயசுல, கேட்டா சொல்லிரலாம்னு காத்துக்கிட்டுக்கூட இருந்திருக்கேன். நீங்க கேக்கலை. இனிமே கேக்காதீங்க. கேட்டா இல்லைன்னு சொல்லிருவேன். அதைச் சொல்லிட்டு அமெரிக்கா போக எனக்கு இஷ்டமில்லை."

கீழேயிருந்து பிரவீன்குமார் கூப்பிட்டான். வெயில் சாய்வதற்குள் இன்னும் இரண்டு படம் எடுக்க வேண்டுமாம். சந்திரசேகர் எழுந்து, சட்டையின் பின்பக்கத்துத் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு வாசலுக்குப் போனான். ஒரு காலைப் படியில் வைத்தான்.

கேட்காமல் விட்டால், கேட்டிருந்தால் கூப்பிட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாவது மிச்ச நாளை ஓட்டிவிடலாம். கல்யாணத்துக்குப் போகலாம், பந்தலில் ஓரமாக நிற்கலாம். அர்ச்சனா வந்து பக்கத்தில் உட்காருவாள். முத்தாளுக்கு இதெல்லாம் தெரிந்துதான் இருந்தது, ஆனால் இன்னொரு தடவை தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் மறைந்து நிற்க மனம் வரவில்லை. அவள் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கீழே இருப்பவர்களுக்கும் கேட்கும்படியாகவே குரல் வந்தது.

"சந்துரு, ஒரே ஒரு தடவை என்னைய ஆத்தான்னு கூப்பிட்டுட்டுப் போப்பா."