பச்சைத் தொட்டிக் குழாய்

காலை ஒன்பது நாற்பதுக்குச் சாய் வந்தார். லூகாங் ஊரில் செய்யும் தண்ணீர்க் குழாய்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். யுவேஷியாவின் முலாம் பட்டறைக்கு அவர்தான் பெரிய வாடிக்கையாளர்.

இருபது வருடம் குழாய்களை முக்கி முலாம் பூசும் குரோமியத் தொட்டியின் மஞ்சள் ஆவியில் நின்றதில் அவள் கணவன் பெங்சினின் மூக்கு நடுச்சுவரில் ஓட்டை விழுந்துவிட்டது. மூச்சு விட்டால் விசிலடிக்கும். அவள் இப்போது வைத்திருக்கும் புதுத் தொட்டியில் இருப்பதும் குரோமியம்தான், ஆனால் வேறு வகை. பச்சை நிறம், மூக்கை அரிக்காது. அதில் முலாம் பூசிய குழாய்களைச் சாய் மறுத்துவிட்டால் பெங்சின் மறுபடி மஞ்சள் தொட்டியருகே நிற்க வேண்டும்.

“பச்சையில அந்தப் பளபளப்பு வராதும்மா,” என்றார் சாய்.

அவள் இரண்டு குழாய்களை மேசைமேல் வைத்தாள். “இதுல மஞ்சள் தொட்டிக் குழாய் எதுன்னு சொல்லுங்கண்ணே, பார்ப்போம்.”

சாய் ஒவ்வொன்றிலும் பல்லைக் காட்டிப் பார்த்தார். “இதுதான்! என் தங்கப்பல்லு கூடத் தெரியுதே. கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன்.”

அவள் அதைக் கவிழ்த்தாள். பச்சைத் தொட்டிக் குழாய்க்கு அவள் வைத்த அடையாளப் புள்ளி அடியில் இருந்தது.

“மூடிக்கிட்டுத்தான் பார்த்தீங்க போல!” என்றான் பக்கத்தில் நின்ற பெங்சின். அவனுக்குச் சிரிப்பு பீறிட்டது. மூக்கு ரயிலாய் ஊதியது.

யுவேஷியா துள்ளாத குறைதான். “அந்த விசில் கேட்டுச்சாண்ணே? இன்னும் உங்களுக்கு மஞ்சள் தொட்டிதான் வேணுமா?”