கம்பியில் கட்டிய மஃப்ளர்கள்

என் அக்கா கெர்லிண்டேக்கு என்மேல் பாசம் அதிகம். அந்தப் பாசம்தான் எனக்கு எமன். லின்ஸ் நகரத்தில் அவளுக்குச் சொந்த வீடு, தோட்டம், தரைக்கல் விற்கிற பெரிய கடை, வீட்டுக்குள்ளேயே மூன்று குளியலறை. எனக்கு வியன்னாவில் ஒட்டாக்ரிங் பக்கம் ஒரே ஓர் அறை. கழிவறை வராந்தாவின் கோடியில். பொத்தான் கடையில் காலமெல்லாம் நின்று ஓய்வு பெற்றவளின் பென்ஷனுக்கு அதுதான் கட்டுப்படியாகும். இதைப் பார்த்துப் பார்த்து அக்காவுக்கு மனசு ஆறவில்லை. தன் வீட்டுப் பின்னறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, கட்டிலும் போட்டுவிட்டாள். எனக்காகத்தான்.

"வந்துடுடி ரோசி. கையில காசில்லாதவளுக்கு அந்த ஊர்ல என்னடி இருக்கு? வெளிய நின்னு கண்ணாடி வழியா வேடிக்கை பாக்கலாம், அவ்வளவுதான்," என்றாள் போனில்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒரே ஒரு நாள் வா. முழுக்க என் செலவு. ஊருக்குத் திரும்புறதுக்குள்ள உன் வாயாலயே 'இதுவும் ஒரு வாழ்க்கைதான்டி'ன்னு நீ சொல்லலேன்னா, பெட்டியக் கட்டிக்கிட்டு உன் பின்னாலயே வந்துடுறேன். சொல்லிட்டேன்னா, அந்தப் பின்னறையப் பத்தி இனிமே நீ மூச்சு விடக்கூடாது."

சவால் விட்டபிறகுதான் யோசித்தேன். அக்கா ஒன்றை நன்றாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. தன் கல்யாண கேக்கையே காய்ந்துபோச்சு என்று சொன்னவள் அவள்.

அக்டோபர் மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கினாள். கழுத்தில் பட்டு ஸ்கார்ஃப், கையில் தோல் பை. "திரும்பிப் போக ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன். ராத்திரி கவுன்டர்ல கூட்டமா இருக்கும்," என்று பையைத் தட்டிக் காட்டினாள். கொழுப்பைப் பாருங்கள்!

முதலில் என் வழக்கமான காபிக் கடைக்கு அழைத்துப் போனேன். ஆளுக்கு ஒரு காபி. அக்கா இரண்டே மடக்கில் முடித்துவிட்டுப் பையைத் தூக்கினாள்.

"எழுந்திருடி. இடத்துக்கு ஆளுங்க காத்திருப்பாங்க."

"உக்காரு. இந்த ஊர்ல ஒரு காபிக்கு சாயங்காலம் வரைக்கும் உக்காரலாம்."

அதற்குள் சர்வர் கேட்காமலே இரண்டு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அக்காவுக்குக் குனிந்து வணக்கம் போட்டான். "டைரக்டர் அம்மாவுக்கு எந்தப் பேப்பர் வேணும்?"

அவன் போனதும் அக்கா என் பக்கம் சாய்ந்தாள். "நான் கம்பெனி டைரக்டர்னு இவனுக்கு எப்படிடி தெரிஞ்சுது?"

"முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கே," என்றேன். கண்ணாடி போட்டவனையெல்லாம் டாக்டர் என்றும், என்னைப் பேராசிரியை என்றும் அவன் கூப்பிடுவதை நான் ஏன் சொல்லப்போகிறேன்? மூன்று பேப்பரை வரி விடாமல் படித்து முடித்தாள். எப்படி என்று கேட்டேன். "காபி கசப்பு," என்றாள்.

மதியம் ஒட்டாக்ரிங் மேட்டில் திராட்சைத் தோட்டக்காரர்கள் நடத்தும் மதுக்கடை. குடிப்பதை மட்டும் அங்கே வாங்கினால் போதும், சாப்பாடு நம்முடையது. காலையிலேயே பன்றி இறைச்சியைத் தட்டையாகத் தட்டிப் பொரித்து, ரொட்டி, ஊறவைத்த வெள்ளரிக்காயோடு டப்பாவில் அடைத்திருந்தேன். நான் மூடியைத் திறந்ததும் அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"கடைக்குள்ள கட்டுச்சோறா? ஐயோ, மானம் போகுதுடி!" என்று டப்பாவை மேஜைக்கு அடியில் தள்ளினாள்.

கடைக்கார அம்மா பார்த்துவிட்டாள். பொங்குகிற புது மதுவோடு இரண்டு தட்டும் கத்தியும் வைத்து, "கூச்சப்படாம எடுத்துச் சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா திரும்பிப் பார்த்தாள். எல்லா மேஜையிலும் டப்பாதான். பக்கத்து மேஜைக்காரர் எங்களுக்கு முள்ளங்கி நறுக்கிக் கொடுத்தார். அக்கா மூன்று துண்டு இறைச்சியை உள்ளே தள்ளிவிட்டு, "உப்பு கம்மி," என்றாள்.

எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. நாள் முக்கால்வாசி போய்விட்டது. கையில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, ஓபெரா என்கிற பாட்டு நாடகம்.

எங்கள் ஓபெரா அரங்கில் பணக்காரர்கள் உட்காரும் நாற்காலிகளுக்கு நேர் பின்னால், நடுநாயகமாக, நின்று பார்க்கிற இடம் இருக்கிறது. அதற்கு டிக்கெட் ஒரு சாசேஜின் விலைகூட இல்லை. வரிசையில் நின்று உள்ளே போய், கிடைத்த இடத்தில் சாய்ந்து நிற்கிற கம்பியில் மஃப்ளரைக் கட்டிவிட வேண்டியதுதான். கட்டிவிட்டால் இடம் நமது. வெளியே போகலாம், தின்னலாம், அரட்டையடிக்கலாம். அடுத்தவர் மஃப்ளரைத் தொடுவதைவிட அவர் பர்ஸைத் திருடுவது மேல் என்பது வழக்கமாக அங்கே நிற்கிற எங்கள் கூட்டத்தின் எண்ணம். அன்று முதல் கம்பியே கிடைத்தது. எனக்கும் அக்காவுக்குமாக என் சிவப்பு கம்பளி மஃப்ளரை நீளமாகக் கட்டினேன். எதற்கு என்று அவளிடம் சொல்லத்தான் தோன்றவில்லை.

"முட்டி வலிக்குது, நான் எங்கயும் வரல," என்று அக்கா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் வெளியே போய் எங்கள் கூட்டத்தோடு சாசேஜ் தின்றேன்.

திரும்பி வந்தால், கம்பி மொட்டையாக இருந்தது. ஒரு மஃப்ளர் இல்லை. முதல் கம்பி முழுக்க யாரோ வெளியூர்க்காரர்கள் வழிகாட்டிப் புத்தகமும் கையுமாகச் சாய்ந்து நின்றார்கள்.

அக்கா பெருமை பொங்க எழுந்து வந்தாள். "எவ்வளவு அழகான இடம்! தங்கமா இழைச்சிருக்கான். அதுல போயி கந்தலா தொங்கவிட்டிருக்காங்க, பொறுப்பில்லாதவங்க. எல்லாத்தையும் அவுத்து, மடிச்சு, கோட்டு வாங்கி வைக்கிற அம்மாகிட்ட பத்திரமா ஒப்படைச்சுட்டேன்."

கோட்டு வைக்கிற பக்கம் ஓடத் திரும்பினேன். அதற்குள் பொகோர்னி வந்துவிட்டார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷமாக நடுக்கம்பியை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர். "என் மஃப்ளர் எங்கே?" என்றார். குரல் எழும்பவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பின்னால் எங்கள் கூட்டம் முழுவதும் நின்றது.

"அக்கா, அது கந்தல் இல்ல. அது அவங்க இடம்," என்றேன். "நீ இத்தனை பேரோட இடத்தையும் அவுத்துட்டே. இனிமே நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்க வருவேன்? போதும். வா, ரயிலுக்கே போவோம். நீயே ஜெயிச்சுட்டே."

அக்கா என்னைப் பார்த்தாள், பொகோர்னியைப் பார்த்தாள், மொட்டைக் கம்பியைப் பார்த்தாள். "நான் கலைச்சத நான்தான் அடுக்கணும்," என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று வெளியே போனாள்.

திரும்பி வந்தபோது அவள் கைகளில் மஃப்ளர்கள் முகவாய்வரை அடுக்கியிருந்தன. நேரே முதல் கம்பிக்குப் போனாள். கடை அடைக்கும் நேரத்தில் நகராத வாடிக்கையாளரை விரட்டுவாளே, அந்தக் குரல் வந்தது. "தயவுசெஞ்சு பின்னால! இது ஆள் இருக்கிற இடம். தப்பு என்னோடது, ஆனா நகர வேண்டியது நீங்க. பின்னால, பின்னால!" மொழி புரியாதவன்கூட நகர்ந்தான். இடது கோடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டே வந்தாள். பச்சை, சாம்பல், கட்டம் போட்டது, என் சிவப்பு. ஒன்றுகூட இடம் மாறவில்லை. கந்தல் என்று நினைத்தும், தொங்கிய வரிசை கலையாமல்தான் அடுக்கியிருக்கிறாள். தரைக்கல்லை வரிசை மாறாமல் அடுக்கிப் பழகிய கை அது. என் அக்கா கை!

பொகோர்னி தன் முடிச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு குதிகாலைச் சேர்த்து வைத்துக் குனிந்து, தன் ஆபீசின் பெரிய பட்டத்தையே அக்காவுக்குச் சூட்டினார். "தலைமை ஆய்வாளர் அம்மா, இந்த முடிச்சு என்னோடதவிட நல்லா இருக்கு." எங்கள் கூட்டம் கை தட்டியது. உட்கார்ந்திருந்த பணக்காரர்கள், இன்னும் திரையே தூக்கவில்லையே என்று திரும்பிப் பார்த்தார்கள்.

விளக்கு அணைந்தது. பாட்டு எழும்பியது. முட்டி வலிக்காரி கம்பியைப் பிடித்தபடி அசையவில்லை. கதாநாயகி அழுதபோது இவளும் அழுதாள். மூக்கைச் சிந்தக்கூடப் பயந்து அப்படியே விட்டுவிட்டாள்.

இடைவேளையில் தன் பட்டு ஸ்கார்ஃபை அவிழ்த்து என் சிவப்பு மஃப்ளருக்குப் பக்கத்தில் கட்டினாள். ரோமக் கோட்டு போட்ட ஒரு சீமாட்டி வந்து அதைத் தடவிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"கைய எடுங்கம்மா! கட்டியிருக்கிறது கண்ணுக்குத் தெரியல? எந்த ஊர்லேர்ந்துதான் வருவாங்களோ!" என்று பாய்ந்தாள் லின்ஸ்காரி. பொகோர்னி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

திரை விழுந்தபோது எங்கள் கூட்டத்திலேயே உரக்க "பிராவோ!" என்று கத்தியது அக்காதான். தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் மேடையைப் பார்த்தே சொன்னாள்: "இதுவும் ஒரு வாழ்க்கைதான்டி ரோசி. சண்டாளி, இத்தனை வருஷமா எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ!"

ஜெயித்துவிட்டேன்! பிறந்ததிலிருந்து முதல்முறையாக அக்காவிடம் ஜெயித்துவிட்டேன். இரண்டாவது டிக்கெட்டை அவளே எடுத்து நான்காகக் கிழித்தாள். வாசல்வரை வந்தபிறகுதான் அவள் கழுத்து வெறுமையாக இருப்பதைக் கவனித்தேன்.

"அக்கா, ஸ்கார்ஃப கம்பியிலயே மறந்துட்டே!"

"மறக்கல. அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு இடம் போட்டு வச்சிருக்கேன்."

"அதெல்லாம் இன்னிக்கு ஆட்டத்தோட சரி. நாளைக்குக் காலையில எவளாவது சுத்தக்காரி வந்து அவுத்து, மடிச்சு, கோட்டு வாங்குற கவுன்டர்ல ஒப்படைச்சிடுவா."

"ஒப்படைக்கட்டுமே," என்றாள் அக்கா. "வந்து வாங்கிக்கிறேன்."