நடுவில் ஐந்து நீலத் துண்டுகள்

எனக்கு வாய் நீளம் என்று அலோர் காஜாவில் பாதிப் பேருக்குத் தெரியும். அந்த வாய்தான் அன்று என்னை மாட்டிவிட்டது.

இருபது வருடமாக ரவிக்கை தைக்கிறேன். வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளை நிறவாரியாகப் பைகளில் சேர்த்து, ஒட்டுப்போட்டுப் போர்வையாகத் தைத்து விற்பேன். அன்றைக்கு முந்தின வாரம் மஸ்ஜித் தானாவில் இருக்கும் தேவிஸ்ரீக்கு ஒன்று கொடுத்தேன். அவளுக்கு இரண்டு கர்ப்பம் நிலைக்கவில்லை. இது மூன்றாவது, எட்டு மாதம். பிறக்கும் முன்னே பிள்ளைக்குப் புதுத்துணி எடுக்கக் கூடாது, மிச்சத் துணி என்றால் குற்றமில்லை என்று சொல்லித்தான் போர்வை கேட்டாள். நடுவில் நீலம் வேண்டும் என்றாள். பையில் கிடந்த நீலப் பட்டில் ஐந்து துண்டு வெட்டி வைத்தேன்.

அந்த நீலம் ஜெயா என்று ஒருத்தியின் ரவிக்கைக்கு வெட்டியதில் மிஞ்சியது. துணியும் அளவு ரவிக்கையும் கொண்டுவந்து கொடுத்தது அவளுடைய அண்ணி. தைத்ததை வாங்க வந்தபோதுதான் ஜெயாவை நான் முதன்முதலாகப் பார்த்தேன். நெற்றியில் பொட்டு இல்லை. சுங்கை ஊடாங்கில் வேலை பார்த்த கணவர் திவாகர் மாரடைப்பில் போய்விட்டாராம். அந்த நீலப் பட்டு, கருமாதிக்கு அண்ணன் போட்ட கோடிச் சேலையாம். உடுத்த மாட்டாளாம், ரவிக்கையோடு அலமாரியில் வைத்துப் பூட்டப் போகிறாளாம்.

கோடி என்று ஒரு வார்த்தை சொல்ல அந்த அண்ணிக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா? நீலத்தில் யார் கோடி எடுப்பார்கள்? தங்கச்சிக்கு வெள்ளை வேண்டாம் என்று அண்ணன் பிடிவாதமாக எடுத்தாராம். நான் அதோடு விட்டிருக்கலாம். மிச்சத்தை ஒரு பிள்ளையின் போர்வையில் வைத்துவிட்டேனே என்று உளறினேன்.

ஜெயாவின் முகம் வெளுத்துப் போனது.

"பிரிச்சிருங்கக்கா. இன்னிக்கே போய்ப் பிரிச்சிருங்க. என் துணி அந்தப் பிள்ளை மேல பட வேணாம்."

ரவிக்கையை மேசையில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் திரும்பி வரும்வரை போக மாட்டாளாம்.

உடனே மஸ்ஜித் தானாவுக்குக் கிளம்பினேன். தையல் விட்டிருக்கிறது, சரிபண்ணித் தருகிறேன் என்று பொய் சொல்லி வாங்கிவிடலாம் என்றுதான் போனேன். தேவிஸ்ரீ போர்வையை மடியில் விரித்து, எங்கேயும் விடவில்லையே என்று தடவிக் காட்டினாள். அந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் அந்த ஐந்து நீலத் துண்டுகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"எனக்கும் பயம்தான்க்கா. ஆனா ரெண்டு தடவையும் நாள் பார்த்து, கிழமை பார்த்து, எல்லாம் சரியாத்தானே செஞ்சோம். நின்னுச்சா? ஒரு அண்ணன் தங்கச்சி மேல பாசப்பட்டு எடுத்த துணிலா இது. இருக்கட்டும். அவங்ககிட்ட சொல்லுங்க."

நான் கடைக்குத் திரும்பியபோது ஜெயா அதே நாற்காலியில் இருந்தாள். பிரித்தாயிற்றா என்று கேட்டாள். தேவிஸ்ரீ சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் சொன்னேன். அழுதாள். சத்தமாக அழுதாள். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது?

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேசையில் கிடந்த ரவிக்கையை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். போட்டுக்கொண்டு வந்து கண்ணாடி முன் நின்றாள்.

"தோள் லூசா இருக்குக்கா," என்றாள். "கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க."